முதலில் அசைபவர் சாக வேண்டும்

என் வீட்டுக்காரரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. திட்ட வேண்டியதை எல்லாம் இருபத்திரண்டு வருஷத்தில் நேரிலேயே திட்டித் தீர்த்துவிட்டேன். லிஃப்டில் ஏற மாட்டார். என் தங்கை வீடு ஏழாவது மாடியில். நான் போய் உட்கார்ந்து, காபி குடித்து, தங்கையோடு ஒரு சின்னச் சண்டையும் போட்டு முடித்த பிறகுதான் இவர் படியேறி வந்து சேருவார். போன் அடித்தால் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். தெருவில் நாய் படுத்திருந்தால் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போவார்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கேஸ் அடுப்பு. வீட்டைப் பூட்டி, நான்கு மாடி இறங்கி, தெருமுனை வரைக்கும் போன பிறகு நின்றுவிடுவார். "அடுப்பை அணைச்சோமா?" நானே என் கையால் அணைத்தேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் எடுபடாது. மறுபடி நான்கு மாடி ஏறி, குமிழைத் தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்குப் போன உயிர் திரும்பும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்குப் பட்டப்பகலிலும் பேய்தான்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவருக்கு வேலை. படுக்கை விரிப்பு, டாக்டர்களின் அங்கி, ஜன்னல் திரை எல்லாவற்றையும் நீராவி இஸ்திரி யந்திரத்தில் போட்டு எடுத்து, மூலைக்கு மூலை சேர்த்து மடித்து அடுக்குவார். அந்த யந்திரத்தில் கையைச் சுட்டுக்கொள்ளாத ஆள் அங்கே இவர் ஒருவர்தான். பயந்தவர் இல்லையா, சூடு எங்கே இருக்கிறது என்று அந்தக் கைக்கு முன்கூட்டியே தெரியும்.

நான் நேர் எதிர். குடிநீர் அலுவலகத்தில் புகார் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் தண்ணீர் வரவில்லை, கலங்கலாக வருகிறது, வந்தது நிற்கவில்லை என்று ஊரே வந்து கத்தும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து நான் அதைவிட உரக்கக் கத்துவேன். எனக்கு ஜன்னலம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாருக்கும் பயப்படாதவள் என்றும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வம்பு எல்லாம் எக்ஸ்ரேயால் வந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பையனைத்தான் சொல்கிறேன். பையன் என்றால் நாற்பது வயது. பழைய கறுப்பு வெள்ளை ஜப்பானியப் படம் என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். இடுப்பில் வாள் வைத்த சாமுராய் வீரர்கள் காற்றடிக்கிற வெட்டவெளியில் எதிரும் புதிருமாக நிற்பார்கள், நிற்பார்கள், நின்றுகொண்டே இருப்பார்கள், அப்புறம் ஒரே வீச்சு, ஒருவன் விழுவான். அதைப் பார்த்துப் பார்த்துப் பித்துப் பிடித்து, ஆஸ்பத்திரி ஆட்கள் ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு நாடகம் போட ஆரம்பித்தான். வசனம் எழுதுவது கிடையாது, ஒத்திகை கிடையாது. பார்க்க வந்தவர்களிடம் ஒரு தொழில், ஒரு உறவு, ஒரு பொருள் என்று மூன்று சொல் கேட்பார்கள். அந்த மூன்றையும் வைத்து அங்கேயே, அந்த நிமிஷமே கதை கட்டி நடிக்க வேண்டும்.

அதற்கு அவன் மூன்று சட்டம் வைத்திருந்தான். ஒன்று, கூட நடிப்பவர் எது சொன்னாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. ஒத்துக்கொண்டு மேலே போக வேண்டும். இரண்டு, மேடையில் யார் கால் வைத்தாலும் அவர் கதையில் ஒருவர். மூன்றாவதுதான் முக்கியம். கடைசிச் சண்டையில் யார் ஜெயிப்பது என்று முன்கூட்டிப் பேசிக்கொள்ளக் கூடாது. இரண்டு பேரும் வாளை ஓங்கி நிற்க வேண்டும். முதலில் அசைபவர் சாக வேண்டும்.

வாள் என்றால் கழித்துப் போட்ட கட்டிலின் மரச்சட்டம். உடை என்றால் கிழிந்த ஆஸ்பத்திரித் திரைச்சீலையில் தைத்த அங்கி. அந்த அங்கிகளை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம் நடக்கிற இடத்துக்கு இவர் போயிருக்கிறார். நடிக்க வேண்டிய மருந்துக்கடைக்காரருக்கு அன்றைக்குக் காய்ச்சல், வரவில்லை. "அண்ணே, நீங்க சும்மா நின்னா போதும், ஒண்ணும் பேச வேண்டாம்" என்று எக்ஸ்ரே இவருக்கு அங்கியை மாட்டி மேடையில் தள்ளிவிட்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

அவரைக் கூட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போகலாம் என்று நானும் அங்கே வந்திருந்தேன். பார்த்தால் என் புருஷன் மேடை நடுவில் கட்டில் சட்டத்தை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். கண் இமைக்கவில்லை. விரல் நுனி அசையவில்லை. எதிரே ஆம்புலன்ஸ் டிரைவர் இரண்டு நிமிஷம் தாக்குப்பிடித்தார், அப்புறம் மூக்கு அரித்திருக்கும் போல, அசைந்துவிட்டார். செத்தார். நாற்பது ஐம்பது பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். "என்னா நிதானம்! பாறை மாதிரி நிக்கறாருய்யா!" என்றார் ஒருவர். அன்றிலிருந்து இவருக்குப் பாறை என்று பெயர்.

எனக்கு மட்டும்தான் தெரியும், அது நிதானம் இல்லை. லிஃப்ட் கதவு திறக்கும்போது இவர் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

திரையை மூடிய பிறகும் அவர் அப்படியே நின்றார். எல்லோரும் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நான் ஏறிப் போய்க் கையைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. கூப்பிட்டேன், உலுக்கினேன், ஒன்றும் இல்லை. பதறினால் எனக்குக் கோபம்தான் வரும், அது என் சுபாவம். "ஏங்க, கிளம்பும்போது அடுப்பை அணைச்சீங்களா?" என்று அவர் காதுக்குள் எரிந்து விழுந்தேன்.

இமை ஒரு தடவை மூடித் திறந்தது. "அணைச்சேனே" என்றார். பெரிய மூச்சு ஒன்று வந்தது. "அணைச்சேனா?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாடகத்துக்கும் மேடையின் பக்கவாட்டில், திரை மறைவில் நிற்பது என் வேலை ஆகிவிட்டது. எதிராளி அசைந்து, செத்து, கைதட்டல் ஓய்ந்ததும் நான் அந்தக் கேள்வியைக் கேட்பேன், அவர் திரும்பி வருவார். எக்ஸ்ரே ஒன்றும் புரியாமல் சிரிப்பான். "அண்ணன் தியானத்துல இருக்கார் அண்ணி" என்பான். தியானமாம் தியானம்! "நீங்களும் ஒரு தடவை மேடை ஏறுங்க, உங்க வாய்க்குப் பத்து சாமுராயை வெட்டலாம்" என்று என்னையும் கூப்பிட்டான். எனக்கு வேறு வேலை இல்லையா என்று சொல்லிவிட்டேன். உண்மை என்ன என்றால், ஒருநாள் திரை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். அத்தனை தலையும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது, நடுவில் கண்ணாடி இல்லை. திரையை இழுத்து மூடிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒவ்வொரு நாடகத்துக்கும் அவர் திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரம் கூடிக்கொண்டே போனது. முதல் தடவை ஒரே கேள்வியில் வந்தார். நான்காவது தடவை மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. ஏழாவது தடவை ஒன்பது நிமிஷம். சுவர்க் காலண்டரில் அந்தந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன். சமைக்கும்போதெல்லாம் அந்த எண்கள் கண்ணில் படும். ஒருநாள் கேட்டுக்கொண்டே இருப்பேன், அவர் வராமலே போய்விடுவார் என்று தோன்றும். கரண்டியை வைத்துவிட்டுப் போய் குளியலறைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "பயத்துல உடம்பு இப்படிக் கட்டிப்போறது உண்டும்மா. ஆனா இவர் மூச்சையும் சேர்த்து அடக்கறார். நின்ன இடத்துல மயங்கி விழுந்து தலையில அடிபட்டா என்ன பண்ணுவீங்க? மேடை வேண்டாம், விட்டுடச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "கேட்டீங்கல்ல? இனிமே அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது."

நான் சொல்லி அவர் மறுத்தது இல்லை. அன்றைக்கு மறுத்தார். சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்துப் பேசினார்.

"எங்க போனாலும் பயந்தா சிரிக்கறாங்க. நீயும்தான் சிரிக்கற. அங்க மட்டும்தான் பயந்தா கைதட்டறாங்க. இன்னும் ஒரே ஒரு தடவை. அப்புறம் விட்டுடறேன்."

அந்த ஒரு தடவைக்குச் சரி என்று தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த ஒரு தடவைக்கு எக்ஸ்ரே பெரிய பள்ளிக்கூட அரங்கைப் பிடித்துவிட்டான். முந்நூறு நாற்காலி. இவருக்கு எதிராக நிற்க யாரைக் கொண்டுவந்தான் தெரியுமா? துணிக்கடை வாசல்காரரை. பதினான்கு வருஷமாகக் கடை வாசலில் காலை பத்திலிருந்து நின்ற இடத்தில் நிற்கிற காவலாளி. ஈ உட்கார்ந்தால்கூட விரட்ட மாட்டார் என்று சொன்னார்கள். மற்றவர்கள் என்றால் இரண்டு மூன்று நிமிஷத்தில் அசைந்துவிடுவார்கள், இவரை நான் மீட்டுவிடுவேன். இந்த ஆள் எப்போது அசைவது? இவர் எப்போது திரும்புவது?

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஆரம்பித்தது. கூட்டத்திலிருந்து உப்பு வியாபாரி, மாமனார், குடை என்று மூன்று சொல் வந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் உப்பு வியாபாரி ஆனார். மருந்துக்கடைக்காரர் அவருக்கு மாமனார் ஆனார். மழையில் உப்பு கரைகிறது, வீட்டில் ஒரே ஒரு குடை, அது செத்துப்போன பிரபு கொடுத்த குடை. அது எனக்குத்தான் என்று உரிமை கேட்டு இரண்டு சாமுராய்கள் வருகிறார்கள். சிரித்துச் சிரித்து அரங்கமே குலுங்கியது. நான் திரை மறைவில் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

குடையை விரித்து நடுவில் வைத்துவிட்டு எல்லோரும் விலகினார்கள். இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் வாசல்காரர். இரண்டு பேரும் மரச்சட்டத்தை ஓங்கினார்கள். அரங்கத்துச் சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஆக எட்டு நிமிஷம்.

மூன்று நிமிஷம் போனது. சிரிப்பு அடங்கியது. ஐந்து நிமிஷத்தில் இருமல்கூடக் கேட்கவில்லை. வாசல்காரர் நின்ற நிலை கடை வாசலில் நிற்பது போலவே சுகமாக இருந்தது. இவர் மோவாயிலிருந்து வேர்வை சொட்டியது. ஏழாவது நிமிஷம் சொட்டுவது நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்று உண்டு: முதலில் இடது காது வெளுக்கும். காது காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. அங்கியின் மார்புப் பக்கம் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். நான் இரண்டு தடவை மூச்சு விட்டேன், மூன்று தடவை விட்டேன். அந்தத் துணி அசையவே இல்லை.

"அடுப்பை அணைச்சீங்களா?" என்றேன் திரை மறைவிலிருந்து. அது சின்ன மேடை இல்லை. இருபது அடி தூரம், தலைக்கு மேல் இரைச்சலோடு மின்விசிறி. இன்னும் உரக்கச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை.

எக்ஸ்ரே பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான், சந்தோஷத்தில். "நிறுத்துடா" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் அண்ணி! அங்க பாருங்க, கூட்டத்துல ஒருத்தர்கூட மூச்சு விடலை!"

"மூச்சு விடாதது என் புருஷன்டா!"

அவனுக்கு உறைக்கவில்லை. அத்தனை நாள் தியானம் என்று நம்பியவனுக்கு ஒரு நொடியில் எப்படி உறைக்கும்? இவர் உதடு நீலம் பாரிப்பது எனக்குத் தெரிந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, எனக்குக் கால் மட்டும் ஓடியது. எப்படி ஓடியது என்று இன்றுவரை தெரியாது. மேடையில் வெளிச்சத்துக்குள் வந்துவிட்டேன். ரப்பர் செருப்பு கீச்சுக் கீச்சு என்று சத்தம் போட்டது. கூட்டத்தைப் பார்க்கக் கூடாது, அவரை மட்டும் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குடையைத் தாண்டிப் போனேன்.

வாசல்காரரைத் தாண்டும்போதுதான் அது நடந்தது. என் தோளில் கைப்பை இருந்தது இல்லையா? பதினான்கு வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? அந்த மனிதர் ஓங்கிய வாளை இறக்கி, இடது கையை எனக்கு முன்னால் நீட்டினார்.

"மேடம், பை. பையை அங்க வெச்சுட்டுப் போங்க."

முந்நூறு பேரும் ஒரு நொடி வாயைப் பிளந்தார்கள். அப்புறம் கூரை பிய்ந்துவிடும் போல ஒரு சிரிப்பு. வாசல்காரர் தன் கையைத் தானே பார்த்தார். "ஐயையோ, அசைஞ்சுட்டேனே!" என்றார். சட்டம் என்றால் சட்டம். பாவம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, குடையின் மேலேயே விழுந்து, ஒழுங்காகச் செத்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் இன்னும் அப்படியேதான் நின்றார். நான் காதோடு வாயை வைத்தேன்.

"ஏங்க. அடுப்பை அணைச்சீங்களா?"

ஒன்றும் இல்லை. கையைப் பிடித்தேன், நீராவிச் சூட்டில் இருபது வருஷம் வேலை பார்த்த கை, ஐஸ் மாதிரி இருந்தது. "சொல்லுங்க. அணைச்சீங்களா இல்லையா? இனிமே ஜென்மத்துக்கும் நான் சிரிக்க மாட்டேங்க. நீங்க எத்தனை தடவை வேணாலும் மாடி ஏறிப் போய்ப் பாருங்க, நான் கீழ நிக்கறேன். வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

அங்கியின் மார்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. கிணற்றிலிருந்து வாளி மேலே வருகிற மாதிரி எங்கோ அடியிலிருந்து ஒரு மூச்சு வந்தது. கையில் இருந்த மரச்சட்டம் கீழே விழுந்தது. இமை கொட்டியது.

"அணைச்சுட்டேன்" என்றார். என்னைப் பார்த்து, "நீ பூட்டை இழுத்துப் பாத்தியா?"

அப்பாடா என்று நிமிர்ந்தேன். அதுதான் தப்பு. நிமிர்ந்தபோது எதிரே கூட்டம். வரிசை வரிசையாக முகம், அத்தனை கண்ணும் என் மேல். கண்ணாடி இல்லை, மேஜை இல்லை, எழுத ஒரு பேனாகூட இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. போய்விடு என்று காலுக்குச் சொன்னேன், கால் கேட்கவில்லை. காதில் மின்விசிறிச் சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. மூச்சை உள்ளே இழுத்தது ஞாபகம் இருக்கிறது, வெளியே விட்டது ஞாபகம் இல்லை. இப்படித்தான் இருக்குமா இவருக்கு? இதையா இருபத்திரண்டு வருஷம் கேலி செய்தேன்?

"பூட்டை இழுத்துப் பாத்தியா?" என்று இரண்டாம் தரம் கேட்டார். என்னால் இமைக்கக்கூட முடியவில்லை.

அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்குமா, அவர் குடியிருந்த வீடு அது. என் தோளிலிருந்து பையை மெதுவாகக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். விரிப்பின் மூலையைப் பிடிப்பது போல என் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்தார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். போன் மணிக்குப் பயப்படுகிற மனிதர், அத்தனை நாடகத்திலும் ஒரு வார்த்தை பேசாதவர், வாயைத் திறந்தார். குரல் நடுங்கியது. ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது.

"இவ என் வீட்டுக்காரி. பயந்துபோய் நிக்கறா. கைதட்டுங்க."

அவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். வெகுநேரம் தட்டினார்கள். செத்துக் கிடந்த வாசல்காரரும் படுத்தபடியே தட்டினார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் எங்கேயோ எனக்கு மூச்சு திரும்பி வந்தது. முந்நூறு பேருக்கு முன்னால் ஓவென்று அழுதேன், வெட்கமே இல்லை.

அதற்கப்புறம் அவர் மேடை ஏறவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அங்கிகளை மட்டும் இஸ்திரி போட்டுக் கொடுக்கிறார்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்ததும் நாங்கள் இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனோம். தெருமுனையில் நாய் படுத்திருந்தது. சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போனோம், நான் சிரிக்கவில்லை. நான்கு மாடி ஏறி, கதவைத் திறந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைக்குள் போய்க் குமிழைத் தொட்டுப் பார்த்தது நான்தான்.